கீக்ளோக் (பல ஆப்களுக்கும் பொதுவாக லாகினைக் கவனிக்கும் சர்வர்) 16-ஆம் பதிப்பிலிருந்து 26-க்கு ஒரே தாவலில் போகலாமா?

டேட்டாபேஸைப் பொறுத்தவரை போகலாம். புதிய பதிப்பு முதன்முறை ஸ்டார்ட் ஆகும்போதே டேபிள்களைத் தானாக மாற்றிக்கொள்ளும். ஆனால் அது ஒருவழிப்பாதை; பழைய சர்வரை அதே டேட்டாபேஸில் மறுபடி ஓட்ட முடியாது. எல்லா நோடுகளையும் (ஓடிக்கொண்டிருக்கும் கீக்ளோக் சர்வர்களை) நிறுத்திவிட்டு பேக்கப் எடுங்கள், வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்தும் பாருங்கள். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தலைவலி வேறு இடத்தில். 2022-இல் வந்த 17-ஆம் பதிப்பில் கீக்ளோக்கைத் தாங்கி ஓட்டும் ஜாவா அடித்தளமே மாறியது; வைல்ட்ஃபிளைக்குப் பதில் குவார்கஸ் வந்தது. பழைய எக்ஸ்எம்எல் கான்ஃபிக் உதவாது, புதிதாக எழுத வேண்டும். யூஆர்எல்லில் இருந்த ‘ஆத்’ (/auth) என்ற பகுதியும் போய்விட்டது; அதை நம்பியிருக்கும் ஆப் ஒவ்வொன்றும் லாகினில் முட்டி நிற்கும். பழைய பாதையைத் திரும்பத் தரும் ஆப்ஷன் உண்டு. முதலில் அதைப் போட்டுவிட்டு, ஆப்களை நிதானமாக மாற்றுங்கள்.

சொந்தமாக எழுதிய புரொவைடர் (கீக்ளோக்கில் கூடுதல் வசதி சேர்க்கும் ஜாவா எக்ஸ்டென்ஷன்) இருந்தால் அதன் சோர்ஸ் கோடைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தே ஆக வேண்டும். 22-இல் ஜாவா பேக்கேஜ்களின் பெயர் ‘ஜாவாஎக்ஸ்’ (javax) என்பதிலிருந்து ‘ஜகார்த்தா’ (jakarta) என்று மாறியது. லாகின் பக்கத்தின் தோற்றத்துக்கான தீம்களையும் ஒருமுறை பாருங்கள்.

16-இல் லாகின் செஷன்கள் மெமரியில்தான் இருக்கும். நிறுத்தினால் எல்லோரும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். ஆகவே திங்கள் காலை வேண்டாம், சனி இரவு வையுங்கள். ஹெல்ப்டெஸ்கிடமும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.