மனுக்கள் குழு வருகிறது: போலீஸ் புகாரைக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் புறக்காவல் நிலையம் கட்டி முடித்து நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. சென்ற மாதம் என் தம்பி மகனை விசாரணை என்று அழைத்துப்போய் அடித்து அனுப்பினார்கள். சட்டமன்ற மனுக்கள் குழு நெல்லைக்கு வருவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் எழுதலாமா? (அம்பாசமுத்திரம் வட்ட வாசகர்)

பதில்: கூடாது ஐயா. சேர்த்து எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்த பொதுப் பிரச்சினைதான் இருக்க வேண்டும் என்பது, மக்களின் மனுக்களை விசாரிக்கும் எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய அந்தக் குழுவின் நிபந்தனை. தனிநபர் குறையையும், நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் பிள்ளையின் விஷயம். குழு வரும்வரை அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வேறு அரசு மருத்துவமனையிலோ காயத்தைக் காட்டியிருந்தால், டாக்டர் காயத்தைக் குறித்து வைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகலை இன்றே கேட்டு வாங்குங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே அழைத்துப்போன நாள், நேரம், நிலையம் மூன்றையும் குறிப்பிட்டு, அந்தப் பதிவை வரவழைக்கும்படி புகாரிலேயே கேளுங்கள். 2013-ஆம் ஆண்டு காவல் சீர்திருத்தச் சட்டப்படி மாவட்டப் புகார் ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். 2023-இல் உங்கள் அம்பாசமுத்திரத்திலேயே, விசாரணைக்கு வந்தவர்களின் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்தபோது முதலில் விசாரித்தவர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர், பிறகு ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதாவை அரசு நியமித்தது. தனிப்பட்ட கொடுமைக்கு வழி அந்தப் பக்கம்தான்.

பூட்டிக் கிடக்கும் கட்டடம் மனுக்கள் குழுவுக்கென்றே அமைந்த விஷயம். தமிழில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பொதுவாக ஐந்து நகல்கள் கேட்பார்கள். கடைசி நாளை அறிவிப்பில் பாருங்கள். கோபத்தை எழுதாமல் விவரத்தை எழுதுங்கள்: “கட்டடம் முடிந்த ஆண்டு இது, இன்றுவரை காவலர் நியமிக்கப்படவில்லை, பக்கத்துக் காவல் நிலையம் இத்தனை கிலோமீட்டர், இந்தத் தேதியில் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் இது.” பழைய மனுவின் ரசீதை இணையுங்கள்.

மனு ஏற்கப்பட்டால் உங்களுக்குத் தகவல் வரும். ஆய்வுக் கூட்டத்தில் எம்.எல்.ஏ.க்கள் உங்கள் முன்னிலையில் அதிகாரியிடம் விளக்கம் கேட்பார்கள். “நடவடிக்கையில் உள்ளது” என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அனுமதி கேட்டு எழுந்து, “எந்தத் தேதிக்குள், எத்தனை காவலர்?” என்று கேளுங்கள். உங்களைப் போன்றவர் எதிரே நின்று கேட்கும்போதுதான் அந்தக் கூட்டத்துக்கு உயிர் வருகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

குழு செய்வது பரிந்துரை. கோர்ட் உத்தரவைப் போல அது கட்டுப்படுத்தாது. எனவே உங்கள் எம்.எல்.ஏ.விடம் சொல்லி, காவல்துறை மானியக் கோரிக்கையின்போது (அந்தத் துறைக்கு நிதி ஒதுக்கும் விவாதம்) பேரவையிலும் கேட்க வையுங்கள். அமைச்சர் அங்கே “செய்து தரப்படும்” என்று சொல்லிவிட்டால், அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது நடந்ததா என்று பார்ப்பதற்கு அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது.