விளையாட்டு வகுப்பு ஏன் சண்டையில் முடிகிறது?

கேள்வி: நான்காம் வகுப்பில் 36 பிள்ளைகள், விளையாட்டு வகுப்பு 40 நிமிடம். சேர்ந்து விளையாடினால் ஒற்றுமை வளரும் என்கிறார்கள். இங்கே தினமும் சண்டைதான். மூன்று நான்கு பேர் எப்போதும் ஓரமாகவே நிற்கிறார்கள். எங்கே தவறுகிறது?

பதில்: பந்தைக் கொடுத்தால் மட்டும் விட்டுக்கொடுக்கும் குணம் வந்துவிடாது. ஆட்டம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் பழகுவார்கள். பக்கத்துக்கு 18 பேர், நடுவில் ஒரே பந்து என்றால் வேகமான ஆறேழு பேர் ஆடுவார்கள். மற்றவர்களுக்கு அங்கே வேலையே இல்லை.

அணியைச் சுருக்குங்கள். பக்கத்துக்கு மூவர் போதும். மூன்று பந்து, மூன்று சின்ன ஆடுகளம், ஒவ்வொன்றிலும் 12 பேர். ஆறு பேர் ஆடும்போது மீதி ஆறு பேரில் இருவர் நடுவர். ஒருவர் புள்ளி எழுத, ஒருவர் நேரம் பார்க்க, இருவர் யாருக்கு எத்தனை பாஸ் போனது என்று கோடு போட்டு எண்ண வேண்டும். 6 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். கடைசியில் மிஞ்சும் பிள்ளைக்கு அது எல்லார் முன்னாலும் நடக்கிற அவமானம். அணிகளை நீங்களே எழுதி, ஆறு வாரம் மாற்றாமல் வையுங்கள். அமெரிக்க உடற்கல்வி அறிஞர் டேரில் சிடென்டாப் உருவாக்கிய ‘விளையாட்டுக் கல்வி’ முறையிலும் பருவம் முழுக்க ஒரே அணிதான். தினம் ஓர் அணி என்றால், சண்டை போட்டவனோடு சமாதானமாக வேண்டிய தேவையே வராது.

‘எல்லாரும் தொட்ட பிறகே கோல்’ என்ற விதி கேட்க நன்றாக இருக்கும். நடப்பது வேறு: தடுமாறும் பிள்ளையிடம் பேருக்குத் தந்து, உடனே பிடுங்கிக்கொள்வார்கள். கையால் ஆடும் ஆட்டமாக வைத்து, பந்தோடு ஓடக்கூடாது, 3 விநாடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, தந்தவருக்கே திருப்பித் தரக்கூடாது என்று சொல்லுங்கள். மூவர் அணியில் இந்தக் கடைசி விதி ஒன்றே மூன்றாமவரைத் தேட வைத்துவிடும். அவுட் ஆனவர் உட்கார வேண்டிய ஆட்டங்கள் வேண்டாம். அதிகப் பயிற்சி தேவைப்படுபவரே அதிக நேரம் உட்கார்ந்திருப்பார்.

தகராறு வந்தால், ஓரத்தில் வரைந்த வட்டத்துக்குள் இருவரும் போகட்டும். தலா 30 விநாடி, குறுக்கே பேசாமல், நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் பூவா தலையா போட்டுவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பலாம். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஓடிப்போய்த் தீர்ப்புச் சொன்னால் கோள் சொல்லத்தான் பழகுவார்கள். அடிதடி என்றால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள். மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதைத் தண்டனையாக்க வேண்டாம், ஓட்டமே கசந்துபோகும்.

கடைசி 4 நிமிடம் பேச்சுக்கு. ‘ஒற்றுமையாக ஆடினீர்களா?’ என்றால் கோரஸாக ‘ஆமாம்’ வரும். ‘நீ பந்தைத் தவறவிட்டபோது உன் அணியில் யார் என்ன சொன்னார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

ஓரமாக நிற்பவர்களுக்கு அந்தப் பாஸ் கணக்குத் தாள்தான் துணை. பந்து வந்தும் நழுவுகிறது என்றால் பயம். மென்மையான, பெரிய பந்தை 3 மீட்டர் தூரத்திலிருந்து எறிந்து பழக்குங்கள். பந்தே வரவில்லை என்றால் அணியினர் ஒதுக்குகிறார்கள். அப்போது ஆறு வாரக் கணக்குப் பார்க்காமல், காரணம் சொல்லாமல், பொறுமைசாலி ஒருவர் இருக்கும் அணிக்கு அந்தப் பிள்ளையை மாற்றிவிடுங்கள்.