சட்டக் கேள்வி - பதில்: ஒருபாலினத் திருமணமும் மதமும்

கேள்வி: சிறப்புத் திருமணச் சட்டத்தில் மதத்துக்கு இடமில்லை என்கிறார்கள். பிறகு ஏன் ஒருபாலின இணையரை அதில் சேர்க்க உச்ச நீதிமன்றம் மறுத்தது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பதிவாளர் முன் கையெழுத்துப் போடும்வரைதான் அங்கே மதத்துக்கு இடமில்லை. சொத்து என்று வந்ததும் மதம் உள்ளே வந்துவிடுகிறது.

2023 ஏப்ரலில் விசாரணை தொடங்கியபோதே, மதவாரியான தனிநபர் சட்டங்களைத் தொடுவதில்லை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறிவிட்டது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் கணவன், மனைவி என்று வரும் இடங்களை 'இணையர்' என்று படித்தால் போதும் என்பது மனுதாரர்கள் வாதம். அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு 'எந்த இருவரும்' என்றுதான் தொடங்குகிறது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்ற வயது வரம்பும் அதே பிரிவில் இருக்கிறது, அதைக்கூடச் சமாளித்துவிடலாம்.

21-ஏ பிரிவைத்தான் சமாளிக்க முடியவில்லை. 1976-இல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவின்படி, இந்து ஒருவர் இன்னொரு இந்துவை இச்சட்டத்தில் மணந்தாலும் வாரிசுரிமைக்கு இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் அவர் சொத்து யாருக்கு? அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு முதலில் பிள்ளைகளையும் கணவனையும் சொல்கிறது; அடுத்து கணவனின் வாரிசுகள்; அதற்கும் பிறகுதான் பெற்ற தாய் தகப்பன். இரண்டு பெண்கள் மணந்திருந்தால் 'கணவனின் வாரிசுகள்' யார்? ஒரு சொல்லை மாற்றிப் படித்தால் தீராது, வரிசையையே புதிதாக எழுத வேண்டும். அது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2023 அக்டோபர் 17 தீர்ப்பு ஒதுங்கியது.

திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். சேர்ந்து வாழும் உறவை அரசு அங்கீகரிக்கக் கடமைப்பட்டது என்று நீதிபதிகள் சந்திரசூட், கவுல் இருவர் மட்டும் எழுதினர். சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. எங்கள் கருத்தில், நீதிமன்றம் சொன்ன சிக்கல் உண்மையானது. ஆனால் 1976-இல் ஒரு திருத்தத்தால் போட்ட முடிச்சை இன்னொரு திருத்தத்தால் அவிழ்க்க முடியும். நாடாளுமன்றம் அதைச் செய்யாமல் இருப்பதற்கு அந்தச் சிக்கல் சாக்காகக் கூடாது.

கேள்வி: சட்டம் மாறினால் அர்ச்சகரும் பாதிரியாரும் நடத்திவைத்தே ஆக வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி நடக்கும் திருமணத்துக்குத் தேவை பதிவாளர், மூன்று சாட்சிகள், இருவரின் உறுதிமொழி. எந்த மத குருவுக்கும் அதில் வேலையே இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் மதச் சுதந்திரம் இதனால் குறையாது.

கேள்வி: சுயமரியாதைத் திருமணமாகச் செய்துகொள்ளலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இருவரும் ஒரே பாலினம் என்றால் செல்லாது. தமிழகம் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு புரோகிதரை விலக்கியது. ஆனால் ஒருவரை மனைவியாக, மற்றவரைக் கணவனாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆணும் திருநங்கையும் என்றால் கதை வேறு. தூத்துக்குடிக் கோயிலில் நடந்த அத்தகைய திருமணத்தைப் பதிவு செய்ய 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 'மணமகள்' என்பதில் திருநங்கையும் அடக்கம் என்றது. 2023 தீர்ப்பும் இந்த உரிமையை உறுதி செய்தது.

கேள்வி: இப்போதைக்கு நாங்கள் என்ன ஏற்பாடு செய்துகொள்வது?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: முதலில் உயில். அது இல்லாவிட்டால், எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் வாரிசு வரிசையில் உங்களுக்கு இடமில்லை. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள். சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் உறவினர் வழக்குப் போடக்கூடும் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது.

வங்கியில் இணைக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் கணக்கைத் தொடங்குங்கள். நாமினி ஆகிவிட்டால் பணம் சொந்தமாகிவிடும் என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். நாமினி அதை வாங்கிவைப்பவர் மட்டுமே. உரியவர் உயிலில் பெயர் உள்ளவர் அல்லது சட்ட வாரிசு. அதனால் நாமினி பெயரும் உயிலும் ஒத்துப்போகட்டும்.

பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ, மனநிலை பிறழ்ந்தாலோ அது காலாவதியாகிவிடும்.