டிவியா, மானிட்டரா? முதலில் கண்ணாடி எங்கே?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.50 பவர். ஹாலில் இருக்கும் பழைய 40 அங்குல டிவியில் பிளேஸ்டேஷன் விளையாடுகிறான். படம் மங்கலாக இருக்கிறது என்று டிவிக்குக் கிட்டே போய் உட்கார்ந்துகொள்கிறான். முடித்து எழுந்தால் நெற்றி வலிக்கிறது என்கிறான். நண்பன் வீட்டு 27 அங்குல மானிட்டரில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். அதேபோல் ஒன்று வாங்கித் தன் அறை மேசையில் வைக்கச் சொல்கிறான். கணவர் ஹாலுக்கு 55 அங்குல டிவி வாங்கலாம் என்கிறார். ஆயா, அதாவது என் மாமியார், டிவி கண்ணைக் கெடுக்கும், எதுவுமே வேண்டாம் என்கிறார். ஹெட்செட் மாட்டும்போது அழுத்துகிறது என்று கண்ணாடியை வேறு கழற்றி வைத்துவிடுகிறான். கண்ணுக்கு எது நல்லது, டாக்டர்?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே அம்மா, பாதி விடை அதில்தான் இருக்கிறது.

மைனஸ் 1.50 என்றால் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் சுமார் 67 சென்டிமீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். ஒரு மீட்டரை 1.5-ஆல் வகுத்தால் கிடைக்கிற கணக்கு இது. மேசைமேல் வைக்கும் மானிட்டரும் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கும். ஆகவே நண்பன் வீட்டில் கண்ணாடி இல்லாமலேயே பளிச்சென்று தெரிந்ததில் ஆச்சரியமில்லை. உங்கள் ஹால் டிவி பழசாக இருக்கலாம். ஆனால் அவன் சொல்லும் மங்கல் பெரும்பாலும் டிவியில் இல்லை. புது 55 அங்குல டிவி வாங்கிக் கொடுத்தாலும், கண்ணாடி போடாவிட்டால் அதற்கும் கிட்டேதான் போய் உட்காருவான். நெற்றி வலிக்கும் இதே காரணம் இருக்கலாம். தெளிவாகத் தெரியாதபோது கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பார்கள், அந்தத் தசைகள் களைத்துப்போகும்.

எனவே ஒரு ராண்ட் செலவழிக்கும் முன்பு பவரைச் சரிபார்த்துவிடுங்கள். இந்த வயதில் ஆறே மாதத்தில்கூட மாறும். கூடவே, காதுக் கம்பி மெல்லிசாக இருக்கிற கண்ணாடியும், மெத்தென்ற பஞ்சு வைத்த ஹெட்செட்டும் பாருங்கள். கண்ணாடி போடாமல் இருந்தால் பவர் ஏறாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குறைந்த பவர் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஒரு மலேசிய ஆய்வில், 2002-ல் வெளியானது, அந்தப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை இன்னும் வேகமாகத்தான் ஏறியது.

சரி, இனி டிவியா மானிட்டரா என்பதற்கு வருவோம். கண்ணாடியோடு 60 சென்டிமீட்டரில் மானிட்டர் பார்க்கும்போது, கண்ணின் லென்ஸ் குவிவதற்குப் படும் பாடு 2.4 மீட்டரில் டிவி பார்ப்பதைப்போல நான்கு மடங்கு. பெரியவர்களுக்கு இது களைப்போடு போய்விடும். உங்கள் மகனுக்கு இன்னும் கண் வளரும் வயது. பள்ளிப் பாடம், போன் என்று கிட்டத்துப் பார்வை அவனுக்கு ஏற்கெனவே நிறைய. விளையாட்டையும் அதே தூரத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். டிவி பார்த்தால் கிட்டப்பார்வை வராது என்று சொல்லவில்லை. தூரம் கூடினால் சிரமம் குறையும், அவ்வளவுதான். ஆகவே என் ஓட்டு கணவர் பக்கம்.

ஆனால் சோபாவிலிருந்து சுவர் வரை டேப் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். திரையின் மூலைவிட்ட நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் இருந்தால் பார்க்கச் சுகமாக இருக்கும். 55 அங்குலத்துக்கு சுமார் 2.1 மீட்டர், 43 அங்குலத்துக்கு 1.6 மீட்டர். சாட்ஸ்வொர்த்தின் சில பழைய வீடுகளில் ஹால் அவ்வளவு பெரிசு கிடையாது. அங்கே 43 அங்குலமே போதும். பெரிய டிவியை அறை மேசையில் வைத்து முக்கால் மீட்டரில் உட்காருவது மட்டும் வேண்டாம். மூலைக்கு மூலை தலையைத் திருப்பியே கழுத்து பிடித்துக்கொள்ளும். டிவியைச் சுவரில் உயரே மாட்டுவதும் தப்பு. மேலே பார்க்கும்போது இமை அகலமாகத் திறந்திருக்கும், கண் சீக்கிரம் காய்ந்துவிடும். டர்பன் கோடையில் ஏசி ஓடும் அறை என்றால் இன்னும் மோசம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருக்கட்டும்.

பையன் பக்கமும் நியாயம் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் திரையில் அசைவு தெரிய டிவிகளில் சற்று நேரம் பிடிக்கும். படத்தை மெருகேற்றும் வேலையெல்லாம் டிவி செய்துகொண்டிருப்பதால் வரும் தாமதம் இது. மானிட்டரில் அந்தத் தொல்லை குறைவு. புது டிவிகளில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் தாமதம் வெகுவாகக் குறைந்துவிடும். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 120 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 120 முறை படத்தை மாற்றும் டிவி என்றால் அவன் வாயை அடைத்துவிடலாம். ஒருவேளை ஹாலில் இடமே இல்லை, மானிட்டர்தான் என்று முடிவானால் 27 அங்குலம் போதும். ஒரு கை நீளத்துக்குக் குறையாமல் தள்ளி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் அதைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். இரவு இரண்டு மணி வரை விளையாடினால் எந்தத் திரையும் கெடுதல்தான். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

டிவி உரிமத்தை நினைத்துத் தயங்குகிறீர்களோ என்னவோ. தென்னாப்பிரிக்காவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசிக்கு வருடம் 265 ராண்ட் கட்டும் உரிமம் ஒன்றே ஒரு வீட்டு டிவிகள் எல்லாவற்றுக்கும் போதும். ஏற்கெனவே கட்டுகிறீர்கள் என்றால் புது டிவிக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

ஆயாவின் பயம் ஆதாரமில்லாத பயம் என்று தள்ளிவிட முடியாது. 1967-ல் அமெரிக்காவில் சில கலர் டிவிகளிலிருந்து அளவுக்கு மீறி எக்ஸ்ரே கசிந்தது தெரியவந்து பெரிய பரபரப்பானது. கிட்டே உட்காராதே என்ற எச்சரிக்கை அப்போது உலகமெங்கும் பரவியது. அவை படக்குழாய் வைத்த பெட்டிகள். இன்றைய தட்டையான திரைகளில் எக்ஸ்ரே என்ற பேச்சே இல்லை. இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் கிட்டே போய் உட்காருவதால் பார்வை கெடுகிறது என்பதைவிட, பார்வை சரியில்லாததால் கிட்டே போகிறார்கள் என்பதுதான் அநேகமாக நடப்பது.

குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு இருந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். பளிச் பளிச்சென்று மின்னும் காட்சிகள் வெகு சிலருக்கு வலிப்பைத் தூண்டும். இருட்டில், பெரிய திரைக்குக் கிட்டே உட்கார்ந்தால் அந்த ஆபத்து கூடும். எப்படியும் ஹால் விளக்கைப் போட்டுவிட்டே விளையாடட்டும்.

கடைசியாக, எந்தக் கடையிலும் கிடைக்காத மருந்து ஒன்று: பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்துக்குப் பதில் 30.4 சதவீதம். ஏற்கெனவே வந்துவிட்டவனுக்கு இந்தப் பலன் அந்த அளவு உறுதியில்லை, இருந்தாலும் இழப்பு ஒன்றுமில்லையே. டர்பனில் ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே பள்ளி விட்டதும் முதலில் தெருவில் கிரிக்கெட், பிளேஸ்டேஷன் இருட்டிய பிறகு என்று வையுங்கள்.

புதுப் பவர் எழுதியதும் பழைய சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு வருடத்தில் அரை பவருக்கு (0.50) மேல் ஏறியிருந்தால் கண் மருத்துவரைப் பார்த்து, பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கக் கொடுக்கும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து அவனுக்குத் தேவையா என்று கேளுங்கள்.