நார்னியா கதைகளில் நிறவெறி இருக்கிறதா? எட்டாவது படிக்கும் மகளுக்குக் கொடுக்கலாமா?

இருக்கிறது. ஆனாலும் கொடுங்கள். சி. எஸ். லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய இந்த ஏழு மாயக் கதைகளில், ஐந்தாவதாக வந்த 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' (1954), கடைசியாக வந்த 'தி லாஸ்ட் பேட்டில்' (1956) இரண்டையும் மட்டும் நீங்களும் சேர்ந்து படியுங்கள்.

நார்னியா என்ற கற்பனை நாட்டுக்குத் தெற்கே, பாலைவனத்துக்கு அப்பால் இருப்பது கேலோர்மென் நாடு. கறுத்த முகம், நீண்ட தாடி, தலைப்பாகை, வளைந்த வாள், அடிமைகள், கொடுங்கோல் ராஜா என்று எல்லாமே ரெடிமேட். 'ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' முதல் அத்தியாயத்தில் அந்நாட்டுப் பிரபு ஒருவன், மீனவர் வீட்டில் வளரும் ஷாஸ்டா என்ற பையனை விலைக்குக் கேட்கிறான். "என் மகன்" என்கிறான் மீனவன். பிரபு நம்பவில்லை. உன் கன்னமும் என் கன்னமும் கறுப்பு, பையனோ வடக்கத்திக் காட்டுமிராண்டிகளைப் போல வெளுப்பு என்கிறான். அவர்களைச் சபிக்கப்பட்டவர்கள் என்று திட்டுகிறவன், அதே மூச்சில் அழகானவர்கள் என்றும் சொல்கிறான். வெள்ளைதான் அழகு என்பதைக் கறுப்பன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார் லூயிஸ். 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது சுருக்கென்று தைக்கும்.

அப்புறம் முகத்திரை. கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்த்ததால், அண்ணனின் கவசத்தை மாட்டிக்கொண்டு குதிரையேறி ஓடிவருகிற கேலோர்மென் பெண் அரவிஸ். அவள் தோழி லாசரலீனுக்கோ உடை, விருந்து, ஊர்வம்பு தவிர வேறு நினைப்பில்லை. துணிச்சல்காரி வடக்கே போவாள், அசடு இங்கேயே கிடக்கும் என்பது லூயிஸ் போட்ட கணக்கு. ஆனால் கதையில் நடப்பதைப் பாருங்கள். அடிமைப்பெண் வேடத்தில், முகத்தை மூடிக்கொண்டுதான் அரவிஸ் அரண்மனைக்குள் நுழைய முடிகிறது. உயிரைப் பணயம் வைத்து அவளைக் கூட்டிப்போவது அந்த 'அசடு'. இரண்டு பேரும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேலோர்மென் இளவரசனின் படையெடுப்புத் திட்டத்தையே கேட்டுவிடுகிறார்கள். அந்நாட்டுப் பெண்கள் திரைக்குள் இருந்தபடி இன்னும் என்னென்ன பார்த்தார்கள், சாதித்தார்கள் என்று கேட்க லூயிஸுக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது, நல்ல கேலோர்மென்காரர் யாரும் கேலோர்மெனுக்கு மிஞ்சுவதில்லை என்பதுதான். அரவிஸ் வடநாட்டு இளவரசனைக் கட்டிக்கொள்கிறாள். 'லாஸ்ட் பேட்டி'லில், கேலோர்மென்காரர்களின் டாஷ் தெய்வத்தை உண்மையாகக் கும்பிட்ட வீரன் எமத்திடம், நீ டாஷுக்குச் செய்த நல்லதெல்லாம் எனக்குச் செய்ததாகவே கணக்கு என்கிறது, நார்னியாவுக்குக் கடவுள் மாதிரியான சிங்கம் அஸ்லான். பெருந்தன்மை என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. அவன் பக்தியைக்கூட அவனிடம் விட்டுவைக்கவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. டாஷுக்குக் கழுகுத் தலை, நான்கு கைகள். பூஜை அறையில் நாலு கைச் சாமியைப் பார்த்து வளரும் பிள்ளை அந்த வர்ணனையை எப்படி வாசிக்கும் என்று உங்கள் மகளிடமே கேளுங்கள்.

முகத்திரையை வேறு மாதிரியும் எழுதலாம். ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கிய 'வீல் ஆஃப் டைம்' வரிசையில், பாலைநிலத்து ஏயெல் மக்கள் ஆணும் பெண்ணுமாகக் கொல்லத் தயாராகும்போது முகத்தை மூடுவார்கள். நிஜ சஹாராவிலும் துவாரெக் இனத்தில் முகம் மூடுவது ஆண்கள்தான். (ஜோர்டனிடம் வேறு கோளாறுகள் உண்டு, அது தனிக் கதை.)

குதிரைப் புத்தகத்தை இப்போதே கொடுங்கள். பிரீ என்ற அந்தப் பேசும் குதிரையின் அலட்டலுக்காகவே படிக்கலாம். 'லாஸ்ட் பேட்டில்' இன்னும் இரண்டு வருடம் போகட்டும். கறுத்தவர்களைக் குள்ளர்கள் நிறம் சொல்லி ஏசுவது அதில்தான் வருகிறது. போதாததற்கு, கதையாகவும் அது எனக்குப் பிடிக்காது.