பல வருஷமாக நிற்கும் பழைய டீசல் டிராக்டர், எஞ்சின் ஜாம். மெக்கானிக் முழு எஞ்சினையும் இறக்கச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

உண்டு. ஆனால் அதுவரை அந்த வண்டியை யாரும் இன்னொரு டிராக்டரில் கட்டி இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "கியர்ல போட்டு ஒரு இழு இழுத்தா விட்டுரும்" என்று ஊரில் நாலு பேர் வருவார்கள். விடும்தான், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் நொறுங்கியோ, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்தோ. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் இன்னும் மோசம். தண்ணீர் அமுங்காது, ராடுதான் வளையும்.

எந்த வண்டி என்று நீங்கள் எழுதவில்லை. பழைய மேசி ஃபெர்குசன் 1035 என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் கொட்டகைகளில் கிடப்பதில் பாதி அதுதான். எங்களுடையதும் அதே, மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின், அப்பா வாங்கியது. பேராவூரணி பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொட்டகைக் கூரை போனது, சைலன்சர் வாயில் கவிழ்த்திருந்த தகர டப்பாவும் போனது. தோப்பே சாய்ந்து கிடக்கும்போது டப்பாவை யார் தேடுவார்கள்? நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் வழியாக இறங்கிய மழைத் தண்ணீர், எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நின்ற சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சில வருஷம் கழித்துச் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி.

வந்த மெக்கானிக் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஸ்லீவு, பிஸ்டன், பேரிங் எல்லாம் ஃபுல் செட்டு மாத்தணும்ணே. பேசாம எடைக்குப் போட்டுருங்க" என்றார். பார்க்காமலே சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. சித்தப்பாவும் நானும் இறங்கினோம்.

முதலில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுங்கள். அதன் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன், எஞ்சினின் ஃப்ளைவீல் பல்லில் சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் ஜாம் மாதிரியேதான் தெரியும். அது இல்லையென்றால் எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயிலுக்கு முன் தண்ணீர் வந்தாலோ, ஆயில் வெளுத்திருந்தாலோ, கிராங்க் பேரிங்குக்கும் துரு போயிருக்கலாம். அப்படியானால் உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி, இறக்கித்தான் ஆகவேண்டும். எங்களுக்கு ஆயில் கறுப்பாகவே வந்தது.

அப்புறம் சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் மூன்று நாசிலையும் எடுத்தோம். ஓட்டை வழியாகக் கம்பியில் துணி சுற்றி விட்டுப் பார்த்தால் இரண்டில் வெறும் கரி. நடு சிலிண்டரில் விட்ட துணி மட்டும் செம்மண் குழம்பில் தோய்த்தது போல வந்தது. கோளாறு ஒரே சிலிண்டரில்தான்.

பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் டீசலும் சமமாகக் கலந்து மூன்றிலும் ஊற்றினோம். மற்ற இரண்டு சிலிண்டர் ரிங்குகளும் நனைந்திருப்பது நல்லதுதானே. சிலர் அசிட்டோன் கலக்கச் சொல்வார்கள். அது சீக்கிரம் ஆவியாகிவிடும், தீப்பிடிக்கும் பயம் வேறு. இந்த வேலையில் முக்கால்வாசி, ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். தினமும் மட்டம் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி ஊற்ற வேண்டும்.

செல்ஃப் கழற்றிய ஓட்டை வழியாகக் கம்பியை ஃப்ளைவீல் பல்லில் கொடுத்து, முன்னும் பின்னும் மெதுவாக நெம்பலாம். ஃபேன் புல்லியில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், நூலளவு அசைந்தாலும் தெரியும். நெம்புவதற்கு முன் எஞ்சின் உச்சியில் இருக்கும் ராக்கர் கவரைத் திறந்து, ராக்கர் அழுத்தாத வால்வுகள் மேலே வந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். வால்வு கீழேயே பிடித்துக்கொண்டிருந்தால் பிஸ்டன் போய் இடிக்கும், புஷ் ராடும் வளையும்.

எங்களுக்கு அதிலும் அசையவில்லை, ஹெட்டை இறக்கினோம். பிஸ்டனுக்கு மேலே ஸ்லீவில், அதாவது பிஸ்டன் ஓடும் குழாயின் உள்சுவரில், இருந்த துருவை எமரித் துணியால் தேய்த்து வழித்து எடுத்துவிட்டு, புளியங்கட்டையைச் சிலிண்டர் வாய் அளவுக்குச் செதுக்கி வைத்துத் தட்டினோம். உச்சியில் நிற்கும் பிஸ்டனைத் தட்டாதீர்கள். அந்த நிலையில் கிராங்க் சுற்றாது, அடி முழுவதும் பேரிங்குக்குத்தான் போகும். பாதியில் நிற்கிற பிஸ்டனைத் தட்டினால்தான் கிராங்க் திரும்பும். ஒரு தட்டு, கொஞ்சம் ஆயில், மறுபடி ஒரு தட்டு. முதலில் பின்பக்கமாகத்தான் நகர்ந்தது. உடனே முழுச் சுற்றுக்கு ஆசைப்படாமல், வந்த தூரத்துக்குள் முன்னும் பின்னும் ஆட்டி, ஊறி வரும் துருவைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும்.

"இது வேலையே இல்லை, ஸ்லீவ் கோடு விழுந்திருக்கும்" என்று யாராவது எழுதுவீர்கள். விழுந்திருக்கிறது. ரிங் செட் மாற்றினேன், ஹெட் கேஸ்கெட் புதிது, ஸ்லீவ் பழையதேதான். காலையில் எடுத்தவுடன் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், சூடானால் நின்றுவிடும். தோப்புக்குள் ரோட்டவேட்டர் இழுக்கிறது. எனக்கு இது போதும். நாள் முழுக்க வாடகைக்கு ஓட்டுகிறவர் ஸ்லீவையும் மாற்றிவிடுவதே நல்லது.

வண்டி நின்ற வருஷங்களில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. புகை வந்த மறுநாளே மச்சான் மகன், "மாமா, ரெண்டு நடை மண்ணு மட்டும். டீசல் நான் போட்டுக்கிறேன்" என்று வந்தான். திரும்பி வரும்போது டேங்க் காலி, டீசல் குழாயில் காற்று ஏறி, நாங்கள்தான் உட்கார்ந்து அந்த ஏரை எடுத்தோம். டிராக்டர் வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் கூடுவது ஏன் என்று தனியாக ஒரு கேள்வியே கேட்கலாம்.

கிளப்பும்போது இரண்டு விஷயம். ஊற்றிய கலவை சம்ப்பில் இறங்கியிருக்கும். அதை வடித்துப் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, நாசில் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுகிறதா பாருங்கள். நாசில் ஓட்டைகளிலிருந்து கலவை பீய்ச்சி அடிக்கும், பக்கத்தில் முகத்தையோ பீடியையோ கொண்டுபோகாதீர்கள். அடுத்தது டீசல் பம்ப். நாள்பட நின்ற பம்ப் உள்ளே பிடித்துக்கொண்டிருந்தால், கிளம்பிய எஞ்சின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே ரேஸ் ஆகி ஓடலாம். காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு பலகையோடு ஒருவரை நிற்க வையுங்கள். உள்ளங்கையால் மூடப் போகாதீர்கள். பம்ப்பை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம், பெஞ்சில் மாட்டி செட் செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.