கூட்டம் போடுவதைவிடப் பிள்ளை மடுவத்துக்கு அழைத்துப் போங்கள்

முன்பள்ளி ஆசிரியர் பணியைப் பற்றிய உரையை விட்டுவிட்டு, 11ஆம் தர மாணவர்களை ஒரு காலைப்பொழுது, தோட்டத் தொழிலாளர்களின் சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் உட்கார வையுங்கள். ஹட்டனில் நீங்கள் நடத்திய தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் முன்பள்ளி ஆசிரியர் பணிக்கு ஒருவரும் கை தூக்காததற்குக் காரணம், ‘பிள்ளை பார்க்கிற வேலைதானே’ என்று வீட்டில் கேட்டு வளர்ந்ததாக இருக்கலாம்.

ஒவ்வொருவரும் ஒரே குழந்தையை 20 நிமிடம் கவனித்து எழுதட்டும். வெற்றுப் பால்மா டின்களை அடுக்கும் மூன்று வயதுப் பிள்ளை, அவை சரிந்ததும் பெரிய டின்னைக் கீழே வைக்கும். இது வெறுமனே பிள்ளை பார்க்கிற வேலை அல்ல என்பதற்கு, அதைக் கண்டவருக்குத் தனி விளக்கம் தேவையில்லை. பையன்களையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோட்ட நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் முன்பே அனுமதி வாங்குங்கள்.

சம்பளத்தை மட்டும் மறைக்காதீர்கள்: முன்பள்ளி ஆசிரியர் பணி அரச பாடசாலை நியமனம் அல்ல, பல இடங்களில் கொடுப்பனவு மிகக் குறைவு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் நெறியையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.